செத்தவளுக்குப் புதுச்சேலை

எங்கூட்டுக்காரரு பேரு சின்னுசாமி. புருசன் பேரப் பொண்டாட்டி வாயால சொல்லக் கூடாதும்பாங்க. நான் சொல்லுவேன். அந்த மனுசன் மூச்சுக்காக நான் பட்ட பாட்டுக்கு, பேரச் சொல்றதுக்காவது எனக்குப் பாத்தியத இருக்கணுமில்லீங்களா?

அவரு எப்படிப்பட்ட ஆளுன்னு மொதல்ல சொல்லிப்புடறேன். மலை மேல திண்ணனூர் நாட்டுல எங்க காட்டுக்கு மேக்கால ஒரு பலாமரம் இருக்குது. அதுல ஏறிப் பழத்தக் கயித்துல கட்டி எறக்குனாருன்னா பூவ எறக்கற மாதிரி எறக்குவாரு. மிளகுக் கொடிய மரத்தோட சேத்துக் கட்டுற கை அவரு கை. யாரயும் ஒரு சொல்லு கடிஞ்சு பேச மாட்டாரு. என்னையும் பேசுனதில்ல. அதாங்க எனக்கு எரிச்சலே. சண்டை போட்டிருந்தாலாவது இந்த ஊட்டுல நான் ஒருத்தி இருக்கறது அவருக்குத் தெரியுதுன்னு நெனச்சிருப்பேன்.

அவருக்கு நான் ரெண்டாந்தாரம். மொதத் தாரம் எங்கக்கா பாப்பாயி. ஒரே வயித்துல பொறந்தவ. வாக்கப்பட்டுக் கொஞ்ச வருசத்துலயே மஞ்சக்காமாலை வந்து போயிட்டா. குடுத்த எடம் நல்ல எடம், ஒறவு அத்துப் போகக் கூடாதுன்னு எங்கப்பன் என்னைய அதே ஊட்டுக்கு அனுப்பி வெச்சாரு. அது தொண்ணூத்தொண்ணாம் வருசம். சம்மதமான்னு என்கிட்ட யாரும் கேக்கல. கேட்டிருந்தாலும் சரின்னுதான் சொல்லியிருப்பேன், அதுல என்ன ஒளிவு மறைவு? அக்கா கல்யாணத்தன்னிக்கே இவரப் பாத்து, இவளுக்கு மட்டும் இப்படி ஒரு மாப்பிள்ளையான்னு எனக்கு வயிறு எரிஞ்சுதுங்க.

வந்து சேந்தவளுக்கு என்ன கெடச்சுது? அக்கா பொழங்குன அடுப்பு, அக்கா அரச்ச அம்மி, அக்கா வளத்த ஆடு. எனக்குன்னு பேரு கூடக் கெடைக்கல. பொன்னாயின்னு லட்சணமா ஒரு பேரு வெச்சிருக்காங்க எனக்கு. நான் அவர மாமான்னு கூப்பிடுவேன், அவரு என்னையக் கூப்பிடறது 'சின்னவளே'ன்னு. பெரியவ ஒருத்தி இருந்தாத்தானே சின்னவ? கூப்பிடும்போதெல்லாம் அவளும் சேந்து வந்து நிப்பா.

அதெல்லாம் கூடப் பொறுத்துக்குவேன். அந்தச் சேலை மெத்தையத்தான் என்னால பொறுக்க முடியல.

மலைக் குளுருக்குப் பழஞ்சேலைகள மடிச்சு, ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கித் தெச்சுப் படுத்துக்குவோம். அக்கா வந்த புதுசுல அவ சேலைகளப் போட்டு ஒண்ணு தெச்சிருந்தா. அவ போனப்புறம் மாமாவுக்கு அதுலதான் படுக்கை. தலமாட்டுப் பக்கத்தச் சுருட்டி அதுல மூஞ்சியப் பொதச்சுக்கிட்டுத் தூங்குவாரு. தொவைக்க விட மாட்டாரு. வந்த புதுசுல ஒருக்கா நான் அதச் சுருட்டித் தலையில வெச்சுக்கிட்டு ஓடைக்குக் கெளம்பிட்டேன். மனுசன் மம்பட்டியப் போட்டுட்டு ஓடியாந்து புடுங்கிக்கிட்டாரு.

"தொவைச்சா அவ வாசம் போயிரும் சின்னவளே."

எனக்கு எப்படி இருந்திருக்கும், நீங்களே சொல்லுங்க. பக்கத்துல உசுரோட ஒருத்தி படுத்துக் கெடக்கறேன். இவரு துணிய மோந்துக்கிட்டுக் கெடக்கறாரு. அன்னிக்கு ஓடையில அந்த மெத்தைக்குப் பதிலா மத்த துணிகளப் போட்டு அடிச்ச அடியில எம்பட பாவாடை கிழிஞ்சு போச்சு.

அவருக்குத் தும்மல் அந்த மழைக்காலத்துல ஆரம்பிச்சுதுங்க. காலையில கண்ணு முழிச்சு எந்திரிக்கும்போதே புடிச்சுக்கும். ஒண்ணு ரெண்டு இல்ல, சரம் சரமா. கொட்டாயில ஆடெல்லாம் திரும்பிப் பாக்கும். மூக்கு ஒழுகும், கண்ணு கோவப்பழமாட்டம் செவந்து போகும். மூக்க மேல மேல தேச்சுத் தேச்சு மூக்குத் தண்டுல குறுக்கால ஒரு கோடே விழுந்துருச்சு. ரெண்டு வருசத்துல நெஞ்சும் சேந்துக்கிச்சு. மூச்சு விட்டா உள்ள கீச்சு கீச்சுன்னு சத்தம். சுக்கு, மிளகு, தூதுவளை, ஆடாதொடை, நான் குடுக்காத கசாயம் இல்ல. பொழுது ஏறிக் காட்டுக்குப் போனாக் கொறஞ்சிரும். மறுநா விடிஞ்சா மறுபடியும் அதே கூத்து.

மூக்கடைச்சுப் போனதுல அவருக்குச் சோத்து ருசி கூடத் தெரியாது. மொளகாய்த்தூளு அள்ளிப் போட்டுக் கொழம்பு வெச்சாலும் பேசாமத் தின்னுட்டுப் போவாரு. அக்கா வெச்ச கொழம்புன்னா மட்டும் நெனப்புல இன்னும் ருசியா இருக்கும்.

நான் ஒண்ணக் கவனிச்சேன். மலைக்குக் கீழ முள்ளுக்குறிச்சியில அவரு தங்கச்சி கலைச்செல்வியக் கட்டிக் குடுத்திருக்குது. வெயில் காலத்துல மரவள்ளி வேலைக்குன்னு எறங்கிப் போயி அங்க தங்குவாரு. அங்க வெறும் பாயிலதான் படுக்கை. திரும்பி வரும்போது மூக்கும் நெஞ்சும் கழுவி வெச்ச மாதிரி இருக்கும். மேல வந்து அந்த மெத்தையில ஒரு ராத்திரி படுத்து எந்திரிச்சாப் போதும், ஆடு திரும்பிப் பாக்கும்.

கலைச்செல்வி ஒருக்கா என்கிட்டச் சொல்றா, "எங்கண்ணன் இங்க இருக்கற வரைக்கும் ஒரு தும்மல் தும்மறதில்லீங்க அண்ணி. மேல நீங்க என்னத்தத்தான் ஆக்கிப் போடறீங்களோ!"

பத்திக்கிட்டு வந்துச்சு எனக்கு. செத்தவ ஒரு பக்கம், நாத்தனா ஒரு பக்கம். இந்த ஆளு எல்லா ஊட்டுலயும் நல்லா இருப்பாரு, எங்கிட்ட மட்டும் இருக்க மாட்டாரு.

"மாமா, அந்த மெத்தையிலதான் என்னமோ இருக்குது. தூக்கிப் போட்டுருங்க"ன்னேன். அவரு கேக்கல. ஊருக்குள்ள சொல்லிப் பாத்தேன். "செத்தவ கூடப் போட்டி போடறா பாருடி"ன்னு ஓடைக்கரையில பொம்பளைக சிரிச்சாளுக. போட்டிதான், யாரு இல்லீன்னா? போட்டிக்காரி சொன்னா சொன்னது பொய்யாயிருமா?

கடைசில கோடாங்கி கருப்பண்ணன் கிட்டப் போனோம். உடுக்கைய அடிச்சாரு, கண்ண உருட்டுனாரு. "பாப்பாயி இன்னும் போகல. தங்கச்சி வந்து ஊட்ட ஆளறது அவளுக்குப் பொறுக்கல. ராத்திரியானா வந்து இவன் நெஞ்சு மேல உக்காந்துக்கறா"ன்னாரு. கேட்டீங்களா! நான் அவ மேல பொறாமப்படறேன்னு ஊரு சொல்லுது. அவ என் மேல பொறாமப்படறான்னு கோடாங்கி சொல்றாரு. எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல மாமாவுக்குத்தான் மூச்சு வாங்குது.

வருசா வருசம் ஆடி அமாவாசைக்குப் புதுச்சேலை எடுத்து அக்காளுக்குப் படைக்கணும்னு சொன்னாரு. எனக்கு உள்ளுக்குள்ள சின்னதா ஒரு சந்தோசம். படைச்ச சேலைய ஊட்டுப் பொம்பள எடுத்துக் கட்டிக்கிறதுதானே வழக்கம்? அவ பேரச் சொல்லியாவது வருசத்துக்கு ஒரு புதுச்சேலை கெடைக்குமேன்னு நெனச்சேன். கோடாங்கி அதுலயும் மண்ணப் போட்டாரு.

"சின்னவ கட்டக் கூடாது. கட்டுனா அவளுக்கு இன்னும் ஆங்காரம் ஏறும். அவ மெத்தை மேலயே வெச்சுத் தெச்சுருங்க."

யாரு தெக்கறது? நாந்தான். புது மடிப்புக் கலையாத சேலைய மெத்தை மேல விரிச்சு, சுத்தி ஊசி போட்டு, நடுவுல குறுக்கும் நெடுக்கும் ஓட்டுத் தையல் போட்டுத் தெச்சேன். ஒவ்வொரு குத்துக்கும் அவள ஒரு வார்த்தை வைஞ்சிருக்கேன்.

மொத வருசம் மாம்பழக் கலரு. அடுத்த வருசம் ஊதா. அதுக்கடுத்தது கரும்பச்சையில சரிகைக் கரை. எல்லாம் அவரே மலை எறங்கிப் போயி, கடையில நின்னு பாத்துப் பாத்து எடுத்தது. எனக்குப் பொங்கலுக்கு வேணும்னா, "வேல்முருகன் ஜீப்புல சந்தைக்குப் போறான், அவன் பொண்டாட்டிகிட்டச் சொல்லி ஒண்ணு வாங்கிக்க"ம்பாரு. செத்தவளுக்குப் புருசன் கையால பட்டுக்கரை. இருக்கறவளுக்கு அடுத்தவ பொண்டாட்டி எடுத்த நூல்சேலை.

வருசத்துக்கு வருசம் மெத்தை தடிச்சுது, மாமா இளைச்சாரு. சேலை போட்டும் கொறையலியேன்னு கோடாங்கிகிட்டக் கேட்டா, இன்னும் அவளுக்கு மனசு ஆறலைன்னாரு.

தொண்ணூத்தொம்போது ஐப்பசியில அடை மழை. மலை முழுக்க மஞ்சு எறங்கி, செவுரெல்லாம் வேர்த்து நிக்குது. ஒரு நா விடியக்காலம் களி கிண்டிக்கிட்டு இருந்தேன். உள்ளருந்து தும்மல் சத்தம் வரல. அதுவே எனக்கு என்னமோ போல இருந்துச்சு. போயிப் பாத்தா மெத்தை மேல ரெண்டு கையயும் ஊனி உக்காந்திருக்காரு. தோளு ஏறி ஏறி எறங்குது, பேச்சு வரல, ஒதடு நாவப்பழம் தின்ன மாதிரி இருக்குது. எங்க மக சத்யா அப்ப சின்னப்புள்ள, மூலையில நின்னு அழுகுது. வேல்முருகன் ஜீப்பு மட்டும் அன்னிக்கு ஊருல இல்லாமப் போயிருந்தா நான் இந்தக் கதையச் சொல்லிக்கிட்டு இருக்க மாட்டேன்.

மலை எறங்கி ராசிபுரத்துல ஒரு டாக்டரம்மா கிட்டக் கொண்டு போனோம். ஹேமலதான்னு பேரு. மூக்கையும் வாயையும் மூடிக் கூடு மாதிரி ஒண்ண வெச்சு, புகையாட்டம் மருந்து விட்டாங்க. கொஞ்ச நேரத்துல தோளு அடங்குச்சு. அவரு மூச்ச இழுத்து விடறதப் பாத்துக்கிட்டே நானும் மூச்சு விட்டேன்.

அப்புறம் டாக்டரம்மா கேள்வி கேக்க ஆரம்பிச்சாங்க. காலையிலதான் ஜாஸ்தியா? ஆமாங்க. வெளியூரு போனாக் கொறையுதா? ஆமாங்க. எதுல படுப்பீங்க?

நான் முந்திக்கிட்டேன். "சேலை மெத்தைங்க. எங்கக்கா தெச்சது. அவ செத்ததுல இருந்து தண்ணி பட்டதில்லீங்க."

அந்தம்மா பேனாவக் கீழ வெச்சுட்டாங்க. "இத்தன வருசமாத் துவைக்கவே இல்லியா? அதுலதாம்மா வினையே. கண்ணுக்குத் தெரியாத தூசிப்பூச்சி இருக்குது. மெத்தை, தலகாணி, கம்பளி இதுலதான் குடியிருக்கும். நம்ம மேல இருந்து உதிர்ற தோலத் தின்னு பெருகும். கடிக்காது. ஆனா அதோட கழிவு தூசியோட மூக்குல போனா ஒரு சிலருக்கு ஒத்துக்காது. தும்மலும் இழுப்பும் அதுலதான் வருது. மலையில ஈரம் ஜாஸ்தி, பூச்சிக்கு அது கொண்டாட்டம். அந்த மெத்தைய எடுத்துருங்க. இல்லைன்னா கை பொறுக்காத சுடுதண்ணியில போட்டு அலசி வெயில்ல காய வைங்க. ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா அப்படிச் செய்யணும்."

எனக்கு உள்ளுக்குள்ள தேர் நோம்பி வெடி வெடிச்சுதுங்க! இத்தன வருசமா நான் கத்துனத, படிச்சவங்க வாயால கேட்டேன். அந்தம்மாவக் கட்டிப் புடிச்சுக்கலாம் போல இருந்துச்சு. திரும்பி மாமாவப் பாத்தேன். அவரு என்னையத்தான் மொறச்சுக்கிட்டு இருந்தாரு.

வெளிய வந்ததும் கேக்கறாரு, "நீ முன்னாடியே அந்தம்மாகிட்டச் சொல்லி வெச்சுட்டியா சின்னவளே?"

"நானா? நான் ராசிபுரத்தக் கண்ணுல பாத்தே வருசமாச்சு!"

நம்பல. வாயில வெச்சு உறிஞ்சற மருந்தும், மூக்குல அடிக்கற மருந்தும் குடுத்தாங்க. அத வாங்கிக்கிட்டாரு. ஊட்டுக்கு வந்து மறுபடியும் அதே மெத்தைய விரிச்சாரு. "எனக்குக் கொஞ்சம் இழுப்பு இருந்தா இருந்துட்டுப் போகுது, இத மட்டும் விட்டுரு"ன்னாரு.

கையில இருந்த கரண்டிய வீசிட்டேன். அவரு மேல இல்ல, செவுத்து மேல.

"இருந்துட்டுப் போகுதா? நீங்க செத்துப் போனா அந்த மெத்தை வந்து எனக்கும் எம்புள்ளைக்கும் மிளகு பறிச்சுப் போடுமா? செத்தும் எங்க போவீங்க? நேரா அவகிட்டத்தானே போவீங்க! அங்கயும் அவளே கெலிச்சுக்குவா. இங்க நான் உங்க ரெண்டு பேருக்கும் சேத்துச் சேலை எடுத்துப் படைச்சுக்கிட்டு உக்காந்திருக்கணுமா?"

எனக்கு அவரு போயிருவாருன்னு பயம். அதவிட, அவகிட்டப் போறதுக்கு அவருக்கு வருத்தமே இல்லையோன்னு ஒரு எரிச்சல்.

அப்புறம் ஒரு நா மத்தியானம். மழை விட்டிருக்குது. சத்யா பொம்மையத் தூக்கிக்கிட்டு அப்பன் மெத்தையில போயி உருண்டு வெளையாடிக்கிட்டு இருந்தா. சித்த நேரத்துல தும்ம ஆரம்பிச்சா. ஒண்ணு, ரெண்டு, அப்புறம் சரம். கண்ணு செவந்து போச்சு. உள்ளங்கைய வெச்சு மூக்க மேல பாத்துத் தேச்சா, அச்சு அசல் அவங்கப்பன் தேய்க்கற மாதிரி.

மாமா வாசப்படியில நின்னு பாத்துக்கிட்டே இருந்தாரு. உள்ள போயிப் புள்ளயத் தூக்கி என் கையில குடுத்தாரு. மெத்தைய வாரி எடுத்தாந்து வாசல்ல போட்டாரு.

"வேவிச்சுரு"ன்னாரு.

நான் கத்துனது, அழுதது, கரண்டிய வீசுனது எதுக்கும் எறங்காத மனுசன், மக தும்முன தும்மலுக்கு எறங்கிட்டாரு. பெத்த புள்ளை மேலயே எனக்கு ஒரு நிமிசம் பொறாமையா இருந்துச்சுங்க. ஆனா கையி மட்டும் நிக்கல, பிளேடு தேடப் போயிருச்சு.

அவ்வளவு தடி மெத்தைய அப்படியே வேகவெக்க முடியாது. தையலப் பிரிக்கணும். வாசல்ல உக்காந்து ஒவ்வொரு நூலா அறுத்தேன். மேல இருந்து என் தையலு, கீழ போகப் போக அக்கா தையலு. அவ தையலு என்னுதவிட நெருக்கமா, நேரா இருந்துச்சு. அதுலயும் அவதான் ஒசத்தி. பிரிக்கப் பிரிக்கப் படைச்ச சேலைக ஒண்ணொண்ணா வெளிய வந்துச்சு, ஒருத்தரும் கட்டாத புதுச்சேலைக, ஒடம்பெல்லாம் ஊசி ஓட்டை. கடைசில அடியில அக்காவோட சொந்தச் சேலைக. வீரபாண்டி நூல்சேலை ஒண்ணு, அவ கல்யாணத்துக்கு எங்கம்மா எடுத்தது.

நோம்பிக்குச் சோறாக்கற அண்டாவுல தண்ணி கொதிச்சுது. போடறதுக்கு முன்னாடி அந்த நூல்சேலைய மூக்குக்கிட்டக் கொண்டு போயி நல்லா மோந்து பாத்தேன். எத்தன வருசமா என்னைய வதைச்ச வாசம், எப்படித்தான் இருக்குதுன்னு பாக்கணுமில்ல? ஒண்ணுமே இல்லீங்க. பூசணமும் பழைய தூசியும், அவ்வளவுதான். அக்கா அதுல இல்ல.

அப்பத்தான் எனக்குத் தோணுச்சு. மாமா பக்கத்துல வெறகு ஒடிச்சுக்கிட்டு இருந்தாரு.

"மாமா, நெசத்தச் சொல்லுங்க. உங்களுக்குத்தான் மூக்கே அடைச்சுக் கெடக்குது. கடைசியா எப்ப இதுல அக்கா வாசம் வந்துச்சு?"

அவரு வெறகக் கையில வெச்சுக்கிட்டே நின்னாரு. "வந்து ரொம்ப நாளாச்சு. இன்னிக்கு வரும், நாளைக்கு வரும்னு படுத்துக்கிட்டு இருந்தேன்."

எங்கக்கா செத்தப்ப எனக்குச் சரியா அழுக வரல. அன்னிக்கு அந்த அண்டாப் பக்கத்துல வந்துச்சு. அவளுக்காக அழுதனா, இவருக்காக அழுதனா, எனக்கே தெரியல. அழுதுக்கிட்டே தூக்கிக் கொதிதண்ணியில போட்டுட்டேன். பழுப்புத் தண்ணி எறங்குச்சு பாருங்க, அப்படி ஒரு பழுப்பு.

அக்கா சேலைகள மட்டும் வெச்சு மெல்லிசாத் திரும்பத் தெச்சுக் குடுத்தேன். படைச்ச சேலையெல்லாம் எனக்கு. கோடாங்கி கேட்டா, பாப்பாயி என் கனவுல வந்து கட்டிக்கச் சொன்னான்னு சொல்லிக்கலாம்னு வெச்சிருந்தேன். அவரு கேக்கல.

மார்கழி போயி தையும் போச்சு. மருந்த விடாம அடிச்சாரு. ஆடுக திரும்பிப் பாக்கறது நின்னு போச்சு. கொழம்புல உப்புக் கொறைச்சல்னு ஒரு நா சொன்னாரு. கல்யாணமானதுல இருந்து மொத மொதல்ல என் சோத்துல குத்தம் சொல்றாரு! எனக்குக் கோவமே வரல.

மாசியில மிளகு காயப்போட்டிருந்தோம். நான் தலைக்குத் தண்ணி ஊத்திட்டு, அந்த மாம்பழக் கலரு சேலையக் கட்டிக்கிட்டு, வெயில்ல நின்னு முடி ஒணத்திக்கிட்டு இருந்தேன். மாமா மிளகு மூட்டைய எறக்கி வெச்சுட்டு நின்னாரு. மூக்கத் தூக்கி அப்படியும் இப்படியும் பாக்கறாரு.

"ஊட்டுல கமலாப்பழம் வெச்சிருக்கியா?"

"ஏது? அது காலம் முடிஞ்சு போச்சே."

கிட்ட வந்தாரு. இன்னும் கிட்ட வந்தாரு. என் முடியில ஒரு கத்தைய எடுத்து மூக்குல வெச்சாரு. சரி, இப்ப 'உங்கக்கா வாசமாட்டமே இருக்குது'ன்னு சொல்லப் போறாரு, சொல்லட்டும், வாயிலயே ஒண்ணு வெக்கறேன்னு நான் தயாரா நிக்கறேன்.

"உன் தலையில இருந்தா வருது?"

"சீயக்காயோட கமலாத் தோலக் காயவெச்சு அரச்சுப் போடறேன். அதான்."

"எப்பருந்து?"

"இந்த ஊட்டுக்கு வந்த நாள்ல இருந்து."

"பாப்பாயி இதப் போட்டதில்லியே."

"இல்ல. நாந்தான் போடறேன்."

அவரு அந்த முடிய விடல. "நீ என்கிட்டச் சொல்லவே இல்லியே"ன்னாரு.

"இதப் போயி வாய் விட்டுச் சொல்லுவாங்களா? மூக்கு எதுக்கு வெச்சிருக்குது?"

மறுபடியும் இழுத்தாரு. அந்த மூச்சு அடி வரைக்கும் போயிட்டு வந்துச்சு, கீச்சுன்னு ஒரு சத்தம் இல்ல. "நல்லா இருக்குது பொன்னாயி"ன்னாரு. பேரு வந்தது அவருக்கே தெரியல போல. நான் மூஞ்சியத் திருப்பிக்கிட்டு மிளகக் கெளறப் போயிட்டேன்.

அதோட எல்லாம் சரியாயிருச்சுன்னு நெனச்சுக்காதீங்க. அந்த மெத்தை இன்னும் எங்கூட்டுல இருக்குது, அவரு அதுலதான் படுக்கறாரு. டாக்டரம்மா ரெண்டு வாரத்துக்கு ஒருக்காப் போதும்னாங்க. நான் வாராவாரம் வேவிக்கிறேன். செவப்பு எது பச்சை எதுன்னு தெரியாம வெளுத்துப் போச்சு, நூலு நூலா வருது. மாமா பக்கத்துல வந்து நின்னு பாப்பாரு. "பூச்சி மாமா, பூச்சி"ன்னு சொல்லிக்கிட்டே நான் இன்னும் ரெண்டு வெறகத் தள்ளி விடுவேன்.